வருஷத்துக்கு ஒன்றரை அடி

பக்கத்து வீட்டு அருள்நாயகத்துக்கும் எனக்கும் ஒரு நாளும் வாய்த்தர்க்கம் வந்ததில்லை. அவர் மனைவி கிளடிஸ் பொரிக்கும் மீன் றோல்ஸ் சூடு ஆறமுதல் என் மேசைக்கு வரும். என் பாத்தி மிளகாய் அவர்கள் குசினிக்குப் போகும். ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் இப்படி அயல் அமைவது புண்ணியம்.

தொண்ணூற்றொன்றில் எங்கள் பின்வளவுகளுக்கு நடுவே நின்ற பலகை வேலி காற்றுக்கு விழுந்தது. புது வேலிக்கு யார் முதலில் வாய் திறப்பது என்று இரண்டு பேரும் அந்தக் கோடை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்து, வன்கூவரில் இருக்கும் அவருடைய தம்பி ஒரு செக்கோயா மரக்கன்று கொண்டுவந்து கொடுத்தார். முந்நூறு அடி வளர்ந்து மூவாயிரம் வருஷம் நிற்கிற சாதி. பிறந்த இடம் கலிபோர்னியா மலை. வன்கூவர் மழைக்கும் பழகிவிட்டதாம். ரொறன்ரோக் குளிரைப் பற்றி அதனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அருள்நாயகம் அதைச் சரியாக எல்லையில் நட்டார். "இதுதான் அண்ணை இனி எங்கடை வேலி. உங்களுக்கும் எனக்கும் நடுவிலை பலகை என்னத்துக்கு?"

கிளடிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு வன்கூவருக்கே போய்விட வேண்டும். "உந்தக் கன்று ஆறு வருஷத்திலை உங்கடை உயரம் வந்தால் நான் இஞ்சை இருக்கிறன். வராட்டில் வீட்டை வித்துப்போட்டு வெளிக்கிடுறம். இரத்தினவேல் அண்ணை சாட்சி."

"ஓம், சாட்சி" என்றேன்.

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை வேலி அடைப்போம். அடைக்கும்போது வேலிக்கு நடும் கதியால் தடியை ஒரு சாண் அடுத்தவன் பக்கம் தள்ளி நடாதவனைப் பேயன் என்பார்கள். அது களவு அல்ல, பராமரிப்பு. இங்கே மரம்தானே வேலி. ஆகவே மரத்தைப் பராமரித்தேன்.

பெரிய வெள்ளியன்று அவர்கள் சிலுவைப்பாதைக்குப் போவார்கள். நான் சைவக்காரன், வீட்டில் நிற்பேன். கன்றை மண்ணோடு கிண்டி, ஒன்றரை அடி அவர் பக்கம் தள்ளி நட்டு, பழைய குழிக்குப் புல்லைப் பெயர்த்து வைத்துத் தட்டிவிடுவேன். வேர் கொஞ்சம் அறுபடும்தான். ஈஸ்டர் முந்தி வந்து நிலம் உறைந்து இறுகிக் கிடந்த வருஷம் ஒரு கேத்தில் கொதிதண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மரத்துக்கும் இதமாக இருந்திருக்கும்.

அருள்நாயகம் செய்யாத வைத்தியம் இல்லை. பனிக்காலத்தில் தன் ஜக்கெட்டைப் போர்த்தினார். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். லூர்து மாதா தீர்த்தமும் தெளித்தார்.

"ஏன் அண்ணை உது வளருதில்லை?"

"குளிர்" என்பேன்.

"எங்களுக்குக் குளிரேல்லையே? நாங்கள் வளரேல்லையே?" என்று வயிற்றைத் தடவிக் காட்டுவார். பாவம், நல்ல மனிசன்.

தொண்ணூற்றாறில் கிளடிஸ் யன்னலால் எட்டிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, மரம் குசினிக்குக் கிட்ட வந்திட்டுது போலை கிடக்கு."

"வளருற மரம் கிட்டத்தான் தெரியும், பிள்ளை" என்றேன்.

அவர் அந்த முழங்கால் உயர மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யன்னலைச் சாத்தினார்.

தொண்ணூற்றேழு ஆவணியில் தவணை முடிந்தது. அருள்நாயகம் மரத்தருகே நிமிர்ந்து நின்று பார்த்தார். பிறகு குனிந்து அதன் தலையைத் தடவினார். அடுத்த கிழமை வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை ஏறியது.

நிலம் அளக்க வந்தவர் எல்லை முளையைத் தேடி என் மிளகாய்ப் பாத்தியைக் கிளறினார். இந்த நாட்டில் எல்லையை இரும்பாக மண்ணுக்குள் இறக்கிப் படமும் கீறி வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஆறு வருஷம் முதுகு நோகக் கிண்டியதில் ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. அருள்நாயகம் முளையையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

வெளிக்கிடுகிற அன்று ஒரு சாக்கோடு என் வாசலுக்கு வந்தார். "கன்றைக் கொண்டுபோகப் போறம். நீங்களே கிண்டித் தாங்கோ அண்ணை. நான் தொட்டால் பட்டுப்போம். அதுக்கு உங்கடை கைதான் பழக்கம்."

ஏழாம் முறையாகக் கிண்டிக் கொடுத்தேன். போகிற நேரத்திலும் என் கைராசியை இப்படி வாய்திறந்து பாராட்டுகிற மனிசன். இவ்வளவு நல்ல அயலவரை இந்தக் குளிர் இருக்கவிடவில்லையே என்பதுதான் எனக்குக் கவலை.