தட்டிவிட்டு வரச் சொன்னேன்

சிறார் வழக்கு என்பதால் என் பெயரும் முகவரியும் சிறுவனின் பெயரும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. வயது எழுபத்து மூன்று. கணவரை இழந்தவள். கன்னியர் மடத்துப் பள்ளியில் இறுதி வகுப்பு வரை படித்தவள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று மட்டும் இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி குறித்திருந்ததைத் திருத்தச் சொன்னேன்.

இறந்தவன் என் ஒரே மகன். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையை எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்திவந்தான். நான் மாடியில் இருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டுள்ள சிறுவன் அந்தக் கடையில் ஒன்றரை வருடம் வேலை செய்தான். ஒல்லியாக இருப்பதால் அவனை நூல் என்று கூப்பிடுவார்கள். "ஊசில கோத்துரலாம்டா உன்ன" என்று தையல் மாஸ்டர் கேலி செய்வார், அவனும் சிரிப்பான். எனக்கு மருந்தும் செய்தித்தாளும் அவன்தான் வாங்கி வருவான். முதல் நாள் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே வந்துவிட்டான். இரண்டு முறை தட்ட வேண்டும், கூப்பிடும்வரை வெளியே நிற்க வேண்டும், கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்று பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சீக்கிரமே கற்றுக்கொண்டான். வீட்டுக்கு வருபவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மகன் அவனை அடிப்பது எனக்குத் தெரியும். தையல் இயந்திரங்கள் ஓடும்போது மாடியில் வேறெதுவும் கேட்காது. அடிக்கும்போது மற்றவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அந்தச் சத்தம் நின்றால் நான் வானொலியைச் சற்றுக் கூட்டி வைப்பேன். ஒரு முறை மகனிடம் கேட்டேன். "நீங்க மாடியப் பாருங்கம்மா, கடைய நான் பாத்துக்கறேன்" என்றான். அதன் பிறகு கேட்கவில்லை.

சம்பவ நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரங்கள் நின்றன. வானொலியைக் கூட்டினேன். சிறிது நேரத்தில் சிறுவன் கதவைத் தட்டாமல் உதவி கேட்டு வந்தான். இடது கையை வலது கைக்குள் பொத்தி நெஞ்சோடு வைத்திருந்தான். "பெரியம்மா, அண்ணன்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்று தொடங்கினான். நான் அவனை முடிக்க விடவில்லை. "இதென்ன பழக்கம்? வெளியே போ, தட்டிட்டு வா. கையத் தொங்கப் போடு" என்றேன். "சரிங்க பெரியம்மா" என்று சொல்லிக் கையைத் தொங்கவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். கீழே என் மகன், "டேய் நூலு, எங்கடா போய் ஒளிஞ்சுக்கிட்ட?" என்று கூப்பிட்டது கேட்டது. அதன் பிறகு படியில் இறங்கும் சத்தமும், அதன் பிறகு மாஸ்டர் அலறும் சத்தமும் கேட்டன. நான் இறங்கிப் போனபோது என் மகன் மேசையருகே கிடந்தான். ரெக்சின் வெட்டும் பெரிய கத்தரிக்கோல் கழுத்தில் இருந்தது. சிறுவன் ஓடவில்லை, பக்கத்திலேயே நின்றான்.

மகனை எடுத்துச் சென்ற பிறகு மாடிக்கு வந்தேன். சிறுவன் வந்து நின்ற இடத்தில் ரத்தத் துளிகள் இருந்தன. ஈரத்துணியால் துடைத்தேன். அன்று மாலை காவலர்களிடம், அவனை வீட்டுப் பிள்ளைபோல் வைத்திருந்தோம், காரணமே இல்லாமல் செய்தான் என்று வாக்குமூலம் கொடுத்தேன். அவன் மாடிக்கு வந்ததைச் சொல்லவில்லை. அவனுடைய இரண்டு விரல்கள் முறிந்திருந்தது கைகலப்பில் நேர்ந்தது என்று வழக்கில் எழுதப்பட்டது. மாஸ்டரும் அப்படியே சொன்னார். கடை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது, அவருக்கு என்னிடம்தான் வேலை.

சென்ற வாரம் சிறார் நீதிமன்றத்தில், பதினாறு வயது முடிந்தவன் என்பதால் இவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்ற கேள்வி எடுக்கப்பட்டது. அப்படி முடிவானால் பெரியவர்களுக்கான சிறையில் பல வருடம் இருக்க நேரிடும். நானும் மருமகளும் போயிருந்தோம். அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. சிறுவன் கதவுச் சட்டத்தில் இரண்டு முறை தட்டிவிட்டு வெளியே நின்றான். கூட வந்த காவலர், "தொறந்துதானடா கெடக்கு, போ" என்றார். சிலர் சிரித்தார்கள். உள்ளிருந்து கூப்பிட்ட பிறகே வந்தான். கட்டுப் போட்ட கையையும் தொங்கவிட்டு நேராக நின்றான். அரசு வழக்கறிஞர் எழுந்து, இவ்வளவு நிதானம் உள்ளவனை விவரம் தெரியாத பிள்ளை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். மருமகள் என்னிடம், "பாத்தீங்களா அத்தை, கல்லு மாதிரி நிக்கிறான்" என்றாள்.

அது நிதானம் அல்ல. நான் சொல்லிக்கொடுத்தது. கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே அவன் கையில் ரத்தம் இருந்தது. என் மகனைக் கொன்றவன் அவன்தான், அதில் மாற்றம் இல்லை. இதைச் சொல்லப் போவதாக மருமகளிடம் கூறினேன். "அப்ப அவர் செத்தது சரின்னு சொல்லப் போறீங்களா அத்தை?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

முன்பு மறைத்ததற்கு எனக்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன். எழுதி முடித்ததை அதிகாரி வாசித்துக் காட்ட வந்தார். வேண்டாம் என்று நானே வாங்கி முழுவதும் வாசித்தேன். சிறுவன் என் அறைக்குள் "அத்துமீறி நுழைந்தான்" என்று இருந்ததை அடித்து, "உதவி கேட்டு வந்தான்" என்று மாற்றச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. யாரும் கேட்காமல் நானாக வந்து சொன்ன உண்மை இது.

(கையொப்பம்)