காகிதத்தின் நடுவில் உள்ள கைநாட்டு

பெயர் செபெரினோ லாஹோஸ். வயது எழுபத்தொன்று. தொழில் ஆடு மேய்த்தல், இப்போது முடியவில்லை. முகவரி: தெருவெல் மாகாணம், வால்செகா ஊர், கிணற்றுத் தெரு, கடைசி வீடு.

மேற்படி நான் 1985 மே 14 அன்று வால்செகா நீதிமன்றத்தில் முன்னிலையாகி, எழுத்தர் கேட்டு எழுதுவதற்குப் பதிலாக என் கையாலேயே எழுத அனுமதி பெற்றேன். போன குளிர்காலம் முதியோர் வகுப்பில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். மெதுவாகத்தான் வரும். எழுத்தர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

எங்கள் ஊர் கசில்தா, தன் கணவர் சிப்ரியானோ உள்நாட்டுப் போரில் இறந்ததாகப் பதிவு செய்யக் கேட்டிருக்கிறார். அவர் இறந்ததை நான் நேரில் பார்த்தேன்.

1937 பிப்ரவரியில் நானும் சிப்ரியானோவும் குடியரசுப் படையில், தெருவெல் மலைமேல் ஒரே பதுங்குகுழியில் இருந்தோம். குளிருக்கு முதுகோடு முதுகு ஒட்டித் தூங்குவோம். பகலில் சட்டைத் தையலை மெழுகுவர்த்தியில் காட்டிப் பேன் பொசுக்குவோம். சண்டை அதிகம் இல்லை. சிகரெட் சுற்றும் காகித ஆலைகள் எங்கள் பக்கம் இருந்தன, புகையிலை விளையும் தீவுகள் எதிர்ப்படையின் பக்கம் இருந்தன. அதனால் வாரம் ஒருமுறை இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் ஆயுதமில்லாமல் போய், நடுவில் செத்துக் கிடந்த கோவேறு கழுதையருகே காகிதத்தையும் புகையிலையையும் மாற்றிக்கொள்வது வழக்கம். மேலிடம் தடை செய்திருந்தது.

பிப்ரவரி 11 நண்பகலில் எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.

"டேய் பாசிஸ்டுகளா! இன்னிக்கு என்னடா சாப்பாடு?"

"ஆட்டுக்கறிடா!"

"பொய் சொல்லாத, வாசனையே வரலையே!"

"உங்க நாத்தத்தைத் தாண்டி எப்படிடா வரும்? சுத்துறதுக்குப் பேப்பர் இருக்கா, இல்லையா?"

அன்று போக வேண்டிய முறை என்னுடையது. என் வலது பூட்ஸ் அடி பிளந்து கம்பியால் கட்டியிருந்தது. சிப்ரியானோ, "நீ போய்ச் சேர்றதுக்குள்ள போரே முடிஞ்சிரும், உக்காருடா" என்றார். பிறகு மனைவிக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் கொடுத்தார். "பனியில விழுந்து வெச்சேன்னா மை கரைஞ்சிரும், பிடி" என்றார். நான்கு தாள்கள். முந்தின நாள் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தார்.

அதன் பிறகு அவர் நடந்து போய், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த கலிசியா மாகாணத்துச் சிப்பாய் ஒருவனோடு காகிதத்தையும் புகையிலையையும் மாற்றிக்கொண்டு, இருவரும் ஆளுக்கொன்று பற்றவைத்துக் கைகொடுத்து, அதன் பிறகு திரும்பி வந்தார். எங்களிடம் வந்து சேர இன்னும் நாற்பது அடி இருந்தபோது இடது பக்கத்திலிருந்து ஒரு தோட்டா வந்தது. அங்கே அன்று காலைதான் எங்கள் படையின் புதிய பிரிவு வந்திருந்தது. வழக்கத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எதிரியின் திசையிலிருந்து ஓர் ஆள் வருவதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். சிப்ரியானோ முதலில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் சாய்ந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, "அது உங்க ஆளுடா! உங்க ஆளு!" என்று கத்தினார்கள். நாங்கள் தூக்கி வரும்வரை அவர்கள் சுடவில்லை. வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. குழிக்குப் பின்னால் கல்வரப்பை ஒட்டி மூன்று வாதுமை மரங்கள் இருந்தன, நடுமரத்தடியில் புதைத்தோம்.

அதன் பிறகு கேப்டன் ஒரு காகிதத்தோடு வந்து என்னையும் வேறு இருவரையும் கூப்பிட்டு, "அடக்கம் செஞ்சதுக்குச் சாட்சி, கைநாட்டு வைங்க" என்றார். வைத்தோம். எழுதத் தெரிந்தவர்களை அவர் கூப்பிடவில்லை. ஏன் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் பனி கொட்டியது. சாப்பாடு மேலே வரவில்லை. சிப்ரியானோவின் பையிலிருந்த புகையிலையைப் பங்கிட்டோம், சுற்றக் காகிதம் இல்லை, இருந்ததெல்லாம் எதிர்ப்பக்கம் போயிருந்தது. நான் கடிதத்தைக் கிழித்தேன். எழுத்து இல்லாத ஓரத்திலிருந்துதான் தொடங்கினேன். நான்காம் நாள் ஓரம் தீர்ந்து, எழுத்தும் தீர்ந்தது.

போருக்குப் பின் சிறையிலிருந்து திரும்பி, அவர் இறந்ததைக் கசில்தாவிடம் சொன்னேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

இந்த மார்ச் மாதம் கசில்தாவின் மனு திரும்பி வந்தது, கூடவே ராணுவக் கோப்பிலிருந்து ஒரு நகல். அவருக்குப் படிக்கத் தெரியாது. "செபே, நீதான் இப்போ பெரிய படிப்பாளியாச்சே, படி பாப்போம்" என்று நீட்டினார். வகுப்புக்கு வெளியே என்னிடம் ஒருவர் தந்த முதல் காகிதம் அது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி, உரக்க, சந்தோஷமாகப் படித்தேன். 'எதிரியிடம் ஓடிப்போனார்' என்பதைப் படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கு உறைத்தது.

கசில்தா, "கீழ மூணு கறை இருக்கே, யாரோடது?" என்றார். பக்கத்தில் பெயர்கள் இருந்தன. "நடுவுல இருக்கிறது என்னுது" என்றேன். அவர் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

அந்தக் காகிதம் பொய், எங்கள் ஆட்களே சுட்டதை மறைக்கக் கேப்டன் எழுதியது. அதில் வைத்த என் கைநாட்டை இன்று திரும்பப் பெறுகிறேன். சிப்ரியானோ ஓடவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்தார்.

கடிதத்தில் எனக்கு நினைவிருப்பது: கழுதையை விற்காதே. உன் அண்ணன் கேட்டாலும் விற்காதே. நீ பின்னிய காலுறையில் இடது கால் பெரிதாக இருக்கிறது, இரண்டும் போட்டிருக்கிறேன். வாதுமை பூப்பதற்குள் வருவேன். மற்றதை நான் புகைத்துவிட்டேன். இந்தப் பத்தியைக் கசில்தாவுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் எழுதியதை நானே இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. கீழே என் கையெழுத்து. பழைய காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, பக்கத்தில் என் வலது பெருவிரல் ரேகையும் வைக்கிறேன்.

செபெரினோ லாஹோஸ்