திறக்காதீர்கள், படம் எடுக்கிறோம்

இது நம் லாய்டின் அக்கா ஜொவிட்டாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவனையே கேளுங்கள், இதோ போர்வைக்குள் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. கோபாலபுரத்தில் அவள் ஆராய்ச்சி செய்யும் லேப் இருக்கிற தெருவில் ஈ காக்கா இல்லை. டிஎன்ஏ ஓட்டிய ஜெல்லை, கண்ணாடி மாதிரி ஒரு ஜெல்லித் துண்டு அது, படம் எடுத்து மறுநாள் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். அதற்கான மெஷின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அதனால் ஆசாரியிடம் சொல்லி ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே கறுப்படித்து, நீல விளக்கு போட்டு, சிம் இல்லாத பழைய போன் ஒன்றைக் கீழே பார்த்தபடி திருகி வைத்திருந்தார்கள். படம் துல்லியமாக வரும்.

மூடி இடுக்கில் வெளிச்சம் புகும் என்று பெட்டியை ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார்கள். கதவின் உள்பிடி கழன்று ஒரு மாதம். எப்போதும் ஒருவர் வெளியே நிற்பார். அன்று யாருமில்லை. ஐந்து நிமிஷ வேலைதானே என்று, கதவு பூட்டிக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகினாள். 'திறக்காதீர்கள், படம் எடுக்கிறோம்' அட்டையை வெளியே மாட்டினாள். தன் போனும், இழுப்புக்கு அடிக்கும் மருந்தும் வெளியே பையில். காகிதம் நழுவியது... டக்.

இருட்டு. பெயின்ட் நாற்றம், புழுக்கம். நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. மருந்து இல்லாமல் இங்கேயே செத்தோம் என்று நினைத்தாள். தட்டினாள், கத்தினாள். வெளியே செருப்புச் சத்தம்... சரக், சரக்... வாட்ச்மேன் பாலு. கதவருகே நின்றது. பெட்டிக்குள் 'க்ளிக்'. செருப்பு திரும்பிப் போய்விட்டது.

இப்படி மூன்று தடவை. பெட்டியை அவள் தொடவே இல்லை.

நான்காவது தடவை குரல் எழும்பவில்லை. கதவோரமே சரிந்துவிட்டாள். க்ளிக்... கதவு திறந்தது.

மருந்தை அடித்து மூச்சு வந்ததும், "அவ்ளோ கத்தினேனே அண்ணே, ஏன் தொறக்கல?" என்று கேட்டாள்.

பாலு முழித்தார். "கத்தினியா? தட்டுற சத்தம் கேட்டு மூணு வாட்டி வந்தேன்மா. 'தொறக்காதீங்கண்ணே, படம் எடுத்துக்கினு கீறேன்'னு நீதான சொன்ன? இப்போ 'எடுத்தாச்சு, தொறங்க'ன்னதும் நீதான?"

பெட்டி மூடியே இருந்தது. திறந்து போனைப் பார்த்தாள். நான்கு படம். எதிலும் ஜெல் இல்லை. முதலாவதில், நீல வெளிச்சத்தில் கதவைத் தட்டும் அவள் முதுகு. இரண்டாவதில் அதே முதுகு, இன்னும் பக்கத்தில். மூன்றாவதில் சுடிதார் கழுத்துத் தையலை எண்ணலாம்.

நான்காவதில் முதுகு இல்லை. கண் மூடிய அவள் முகம்... கதவுக்கும் அவளுக்கும் நடுவிலிருந்து எடுத்தது.