தண்ணீர்த் தொட்டி மேல் சங்கத் தலைவர்

எண்பதுகளில் ஒரு ஐப்பசி. மதராஸ் பக்கம் புயல் என்று ரேடியோ சொல்லியிருந்தது. தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒருவர் மடியில் கயிற்றுச் சுருளோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வரிசையிலிருந்த பெண் அவரிடம் சொன்னார்:

“புயல் வர்றதுக்குள்ள உங்க தலைவரைக் கீழ எறக்கிடுங்க சார்.”

ஏதோ கட்சித் தகராறு என்று நினைத்தேன்.

“காலனி சங்கத்துக்கு நான் செக்ரட்டரிதானுங்க. தொட்டி மூடியக் கட்ட ஆள் வெச்சுக்கலாம்னேன். உங்க வூட்டுக்காரருதான் கேக்காம ஏறிட்டாரு.”

“ஏறினவரு கீழ பாத்துட்டாரு. தலை சுத்துதுன்னு காலையிலருந்து அங்கயே உக்காந்திருக்காரு. இட்லி கூட மேலதான் போவுது.”

“இடுப்புல கயித்தக் கட்டி மெதுவா எறக்கிடலாங்க.”

“அவரு எறங்கினாத்தானே! தலை சுத்தலெல்லாம் போயிடுச்சாம். கீழ நின்னு சொன்னப்ப ஒருத்தரும் மதிக்கல. இப்ப மேலருந்து ‘சாக்கடையத் தூரு வாருங்க, ஓட்டு மேல கல்லு வையுங்க’ங்கறாரு. காலனியே செய்யுது.”

செக்ரட்டரி யோசித்தார். “மழை வந்தா தானா எறங்கிடுவாருங்க.”

அந்த அம்மா ஜன்னல் வழியே கறுத்த வானத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு புதுக் குடையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“மொதல்ல இதைக் கயித்துல கட்டி மேல அனுப்புங்க சார். நனைஞ்சா அவருக்குச் சளி புடிச்சுக்கும்.”