டைகருக்கு ஒரு துணை

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போகும் ரயிலில் எனக்கு எதிரே நடுவயதுத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள்.

"டைகர்கிட்ட கேக்காம எப்படிங்க முடிவு பண்றது?" என்றார் அந்த அம்மாள்.

டைகர் அவர்கள் வீட்டுக் கிழநாய். மகளின் தோழி கொடுத்த குட்டி நாயை, டைகரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அன்று காலைதான் வீட்டில் விட்டிருந்தார்களாம்.

"நாய்கிட்ட என்னலா கேக்குறது? அதுக்கும் ஒரு துணை வேணாமா?" என்றார் கணவர்.

"உங்க தங்கச்சியக் கூடத்தான் எனக்குத் துணைன்னு சொல்லாம கொள்ளாம கூட்டிட்டு வந்தீங்க. நான் சோறு தின்னேனா?"

"அது வேற கேஸ்லா."

"வயசானவன்ங்க. நம்மள வேணாம்னு ஒதுக்கிட்டாங்கன்னு அவன் நெனச்சிடக்கூடாது." குரல் தழுதழுத்தது.

சுபாங் ஜெயா தாண்டியதும் மகள் அழைத்தாள். அம்மாள் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, குட்டி போய் டைகரோட பாயில படுத்துருச்சு."

"ஐயோ! கடிச்சிட்டானா?"

"இல்லம்மா. பேசாம எழுந்து போய், உங்க கட்டில்ல அப்பா படுக்கிற பக்கம் ஏறிப் படுத்துட்டான். எறங்க மாட்டேங்கிறான்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"குட்டி நம்ம வீட்டுலயே இருக்கட்டும். அப்பாவுக்கு ஹால்ல ஒரு பாய் போட்டு வை."