தீவுத் திரையில் ஓடிய வாழ்த்து

என் பெயர் யமுனா. வயது பதினாறு. தகப்பனார் பெயர் நவநீதன். ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் குடியிருந்து பதினோராம் வகுப்பு படித்து வருகிறேன். பெண் உதவி ஆய்வாளர் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தாயார் மகாலட்சுமி முன்னிலையில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

என் தகப்பனார் பன்னிரண்டு ஆண்டுகளாக ‘தீவுத் திரை’ என்னும் உள்ளூர் டிவி சேனலை எங்கள் வீட்டு மாடியில் நடத்தி வந்தார். பிறந்த நாள், காதுகுத்து, கடை திறப்பு, எதுவானாலும் திரையின் அடியில் வாழ்த்து வரி ஓடும். பள்ளி விட்டு வந்து அவற்றை நான்தான் டைப் செய்வேன்.

கடந்த ஆனி மாதம் ஒளிபரப்புக் கருவி இரண்டாம் முறை பழுதாகி, அதைக் கடன் வாங்கிச் சரிசெய்ததும் சேனலை விற்பதென்று முடிவு செய்தார். முதலில் மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குத்புதீன் வந்து பார்த்தார். “மூணு மாசம் பொறுங்க நவநீதன், பையன் துபாய்லேருந்து வந்துடட்டும், அவன்தான் பாத்துக்கணும்” என்றார். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. அதன் பிறகு தில்லை நகர் தைரியராஜ் வந்தார். அவருக்கு ஏற்கனவே இரண்டு சேனல்கள் உண்டு. எங்கள் சேனலை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் கேபிள் நிறுவனத்தின் ஒப்பந்தப்படி, ஒருவருக்கு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே தன் கார் டிரைவர் பிச்சமுத்துவின் பெயரில் வாங்குவதாகச் சொன்னார்.

ஒப்பந்தத்தை நான் முழுவதும் படித்திருந்தபடியால், “ஒருத்தருக்கு ரெண்டுதானே அங்கிள்?” என்று கேட்டேன். “பாப்பா வக்கீலுக்குப் படிக்கப் போகுதா? பேரு பிச்சமுத்து, ரிமோட்டு நம்ம கையில, அவ்வளவுதான்” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பிச்சமுத்து கதவருகே நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போடும் நேரம் வரும்வரை யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. வாங்குபவர் தமக்காகவே வாங்குகிறார் என்று கேபிள் நிறுவனத்துக்குக் கொடுக்கும் உறுதிமொழியில் பிச்சமுத்துவும் அப்பாவும் கையெழுத்திட்டார்கள்.

அதன் பிறகு அப்பா அவர்களை வழியனுப்பக் கீழே சென்றிருந்தபோது, எங்கள் சேனல் இதுவரை யாரையும் வாழ்த்தாமல் விட்டதில்லையே என்று நினைத்து, யாரும் சொல்லாமல் நானாகவே, ‘தீவுத் திரையின் புதிய உரிமையாளர் தில்லை நகர் தைரியராஜ் அவர்களுக்கு இதயங்கனிந்த வாழ்த்துகள்’ என்று ஓடவிட்டேன். பிச்சமுத்துவின் பெயரைப் போட எனக்குத் தோன்றவில்லை. அப்பா மாடியேறி வந்து நிறுத்துவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. அவர் திட்டவில்லை. “நல்லாத்தான் எழுதியிருக்கே” என்றார்.

அதன் பிறகு, யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கேபிள் நிறுவனத்துக்கு அனுப்ப, மறுநாளே சேனல் நிறுத்தப்பட்டது. நிறுவனத்தின் புகாரின் பேரில் நேற்று அப்பாவையும் பிச்சமுத்துவையும் ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்றார்கள். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நவநீதன் மகள் விளையாட்டாகப் போட்டது என்று தைரியராஜ் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நான் விளையாட்டாகப் போடவில்லை. இன்று காலை, நடந்தது எதுவும் தெரியாமல் குத்புதீன் வந்து, “பையன் டிக்கெட் போட்டுட்டாம்மா, அப்பா இருக்காங்களா?” என்று கேட்டார்.

உண்மையில் யாருக்காக வாங்கப்பட்டது என்பது தகப்பனாருக்குத் தெரியுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, தெரியும் என்றேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, தகப்பனாருக்குத் தெரியும் என்ற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். “நீ சொன்னது பொய்யாம்மா?” என்றார் உதவி ஆய்வாளர். இல்லை என்றேன். ஆகவே இதிலுள்ள யாவும், அந்த வரி உட்பட, நான் கண்டதும் செய்ததுமே என்று அறிந்து கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ந. யமுனா