ஏழாவது கிணற்றின் ஓசை

வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஏட்டையாவிடம் போனில் ஆடுகிற கேமின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், சார். நான் வந்ததிலிருந்து ஒரே துப்பாக்கிச் சத்தம். அரை மணி நேரமாக அவர் ஒரே ஆளை ஒரே சுவரோரம் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறார். அவனும் சலிக்காமல் எழுந்து வந்து மறுபடி சாகிறான். அவர்கள் இருவருக்கும் பொழுது போகிறது, எனக்குத்தான் தலை வலிக்கிறது.

ஹரிஹரசுதன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவன் போட்ட சண்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் மற்றதும் உங்களுக்குப் புரியாது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவன் கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் வைத்திருந்த வீட்டுப் பையன். நான் இடைசெவல் பக்கம், கரிசலில் உளுந்தும் பருத்தியும் போடுகிற வீடு. அவனுடைய அப்பா மூடிப்போட்ட தீப்பெட்டி ஆபீஸின் மாடியில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஒரு வீடியோ கேம் செய்தோம். பெயர் 'ஏழாவது கிணறு'. கதையும் காட்சியும் ஓசையும் என்னுடையவை. அதை ஓட வைக்கிற கோட் அவனுடையது.

கதை சின்னதுதான். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் கரிசல் காட்டில் நடக்கிறாள். வழியில் ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்து அவனைக் கூப்பிடுகிறாள். வெயில், வேலிக்கருவை, வெடித்துக் கிடக்கிற நிலம், தூரத்தில் காற்றாலை சுற்றுகிற சத்தம். அவ்வளவுதான். ஆடுகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்படித்தான் நான் செய்து வைத்திருந்தேன்.

அதற்குள் ஹரி நாற்பத்திரண்டு சண்டைகளைக் கொண்டுவந்து போட்டான்.

மூன்று நிழல் மனிதர்கள் வருவார்கள். நாற்பத்திரண்டு தடவையும் அதே மூன்று பேர்தான், சட்டையைக்கூட மாற்றவில்லை. அடி, அடி, உருண்டு விலகு. அடி, அடி, உருண்டு விலகு. மூன்றாமவன் விழுந்ததும் கொட்டுச் சத்தம் நிற்கும், காற்று வீசும், அந்தப் பெண் மறுபடி அண்ணனை நினைத்து அழ ஆரம்பிப்பாள். ஐம்பது காலடி வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உதைப்பாள். துக்க வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே எழுந்துபோய் ஒரு ஆட்டம் கபடி ஆடிவிட்டு வந்து உட்காருகிற மாதிரி இருந்தது. நான்கு மணி நேரக் கேமில் இரண்டே முக்கால் மணி நேரம் இந்தக் கூத்துதான். கணக்குப் பார்த்தே வைத்திருக்கிறேன்.

அவனிடம் சொல்லாமல் இல்லை. எத்தனையோ முறை சொன்னேன்.

"ஏலே திருப்பதி, சும்மா நடந்துக்கிட்டே இருந்தா ஆடுதவன் தூங்கிருவாம்ல. கைக்கு வேல குடுக்கணும்" என்றான்.

"கைக்கு வேல வேணும்னா தீக்குச்சிக் கட்டை அடுக்கச் சொல்லு. என் கதைக்குள்ள எதுக்குல வாரானுவ?" என்றேன்.

சிரித்தான். அவனுக்குக் கோபம் வராது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"நீ பயம் பயம்னு சொல்லுத. ஆபத்தே இல்லாத எடத்துல என்னல பயம்? உசுருக்கு ஒண்ணு வந்துரும்னு தெரிஞ்சாத்தான் சத்தமே காதுல விழும்."

அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது சரி. எனக்கு அது பிறகுதான் புரிந்தது.

அவன் மனைவி ஜெயப்பிரியாவால் முதல் கிணற்றைக்கூடத் தாண்ட முடியவில்லை. கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்து சொல்லுவாள். "அண்ணே, அந்த மூணு பேரும் என்னையக் கொன்னுக்கிட்டே இருக்கானுவ. அந்தப் பிள்ளைக்கு அண்ணன் கெடச்சானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்லா." கட்டின பெண்டாட்டிக்கே கதை போய்ச் சேரவில்லை என்று ஹரியிடம் சொன்னால், "பழகிரும்" என்றான். எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

கடைசியில் இறங்கி வந்தான். சண்டை வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு பட்டன் வைக்கிறேன் என்றான். சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டால், பல்லி பிடிக்காதவர்கள் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்பது போல. இவனிடம் பேசிப் பயனில்லை என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. மற்ற ஆறு கிணறுகளுக்கும் ஓசை பிடித்தாயிற்று. ஏழாவதற்கு மட்டும் எதுவும் சரியாக அமையவில்லை. புறா இறக்கையடிக்கிற சத்தம் எடுத்தேன், தண்ணீர் சொட்டுகிற சத்தம் எடுத்தேன், எல்லாமே சாதாரணமாக இருந்தன. எங்கள் தரிசுக் காட்டில் ஒரு பழைய கிணறு உண்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது, படிகள் எப்போதோ இடிந்துவிட்டன, சுற்றிலும் வேலிக்கருவை. ஆள் நடமாட்டம் இல்லை. மழை நின்ற மறுநாள் காலையில் ஹரியை என் வண்டியில் அங்கே கூட்டிப் போனேன்.

ஒலி பிடிக்கும்போது இருவர் போனையும் அணைத்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கும் வைத்தோம். ஹெட்போனை அவன் காதில் மாட்டினேன்.

"ஏலே, அந்தச் சோளத்தட்டைகிட்டப் போய் நில்லு. அங்கன இருந்தாத்தான் எதிரொலி சுத்தமா விழும்" என்றேன்.

அவன் டவுன்காரன். கரிசல் வெயிலில் வெடிக்கும் என்று தெரியும், படம் எடுத்திருக்கிறான். அந்த வெடிப்புக்குள் முதல் மழைத் தண்ணீர் இறங்கினால் கிணற்றின் விளிம்பு பாளமாகப் பெயர்ந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட மழைக்கு மறுநாள் கிணற்றுப் பக்கம் ஆட்டை விடமாட்டார்கள். அவன் போய் நின்றான். திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். விளிம்பு அவனோடு சேர்ந்து இறங்கியது.

சறுக்கி விழுந்துவிட்டான் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அந்தச் சோளத்தட்டையை முந்தின நாள் சாயங்காலம் விளிம்பில் வெடிப்பு விழுந்த இடம் பார்த்து நான் போய் நட்டுவைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கிணறு நாற்பது அடி ஆழம். கீழே முழங்கால் அளவு சகதி, அதனால் உயிர் போகவில்லை. ஒரு கால் ஒடிந்திருந்தது. சகதியைத் துப்பிவிட்டு மேலே பார்த்தான்.

"ஏலே திருப்பதி, பெட்டியில கயிறு கெடக்குல்லா, போடுல" என்றான்.

கயிறு எப்போதும் வண்டியிலேயே இருக்கும். எடுத்து வந்து நுனியில் ரெக்கார்டரோடு சேர்ந்த மைக்கைக் கட்டி இறக்கினேன். கயிறு இறங்குவதைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பதிவில் இருக்கிறது. நான் பயன்படுத்தவில்லை, கதைக்குப் பொருந்தாது. அவன் தலைக்கு மேல் இருபது அடியில் கயிற்றை நிறுத்தி வேலிக்கருவைத் தூரில் கட்டினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் அவன் போனை ஆன் செய்து தூத்துக்குடி போகிற லாரி ஒன்றில் போட்டேன். உங்கள் ஆட்கள் ஒரு மாதம் தூத்துக்குடியில் தேடினார்களே, அது அதனால்தான்.

மைக்குக்கு பேட்டரி ஒரு நாள்தான் தாங்கும். அதனால் தினமும் காலையில் போக வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் பதிவில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கயிறு போடு என்பான். தண்ணீர் குடு என்பான். பிரியாகிட்டச் சொல்லிரு என்பான். மறுபடி கயிறு போடு. கேமில் மூன்று நிழல்கள், கிணற்றுக்குள் மூன்று வரிகள். சாகப்போகிற நேரத்திலும் அவனுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஹெட்போனில் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஜெயப்பிரியா தினமும் போன் செய்வாள். "அண்ணே, அவிய எதும் பேசினாவளா?" என்பாள். "வந்துருவான்மா, கவலப்படாத" என்பேன். அவள் அழுவது கேட்கும். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவனுக்குத் தொண்டை போய்விட்டது. அன்றைக்குத்தான் கிடைத்தது, சார். வெறும் மூச்சு. சகதியில் கை அளைகிற சத்தம். பிறகு ஒரு விசில். நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. பாறையில் பட்டுப் பட்டு அது மேலே வரும்போது காற்றா பறவையா என்று தெரியாது. நான்கு வருடம் நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உசுருக்கு ஒண்ணு வந்துரும்னு தெரிஞ்சாத்தான் சத்தம் காதுல விழும் என்றானே, அன்றைக்கு அவனை மெச்சிக்கொண்டேன்.

நான்காம் நாள் சத்தம் இல்லை. மைக்கை ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்த வாரமே ஜேசிபி வைத்துக் கிணற்றை மூடினேன். ஆடு விழுகிறது, மூடுகிறேன் என்று ஊரில் சொன்னேன். நல்ல காரியம் என்றார்கள்.

பிறகு சண்டைகளை எடுத்தேன். எனக்குக் கோட் எழுத வராது, அழிக்க வரும். நாற்பத்திரண்டு இடத்திலும் ஒரே வரிதான் இருந்தது. நாற்பத்திரண்டு தடவை தேடித் தேடி அழித்தேன். கொஞ்சமும் சலிப்புத் தட்டவில்லை. கேமின் முதல் திரையில் 'ஹரிஹரசுதனுக்கு' என்று போட்டேன். அது மரியாதைக்காகத்தான்.

தை மாதம் வெளியிட்டேன். ஆடியவர்கள் எல்லாரும் ஏழாவது கிணற்றைப் பற்றித்தான் எழுதினார்கள். அங்கே வந்ததும் நடக்காமல் நின்றுவிடுகிறார்களாம். ஒருவர் அந்த விசிலைக் கேட்பதற்காகவே பதினான்கு தடவை திரும்பிப் போனேன் என்று எழுதியிருந்தார். பதினான்கு தடவை, சார். அது சலிக்கவில்லை பாருங்கள். ஹரியின் சண்டைக்கு யாராவது அப்படித் திரும்பிப் போயிருப்பார்களா?

ஜெயப்பிரியாவின் லேப்டாப்பில் கேமை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாடிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நேத்து முடிச்சிட்டேன்."

"சந்தோசம்மா. இப்பம் கதை புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. முந்தி அந்த மூணு பேரும் போகவே விடலல்லா. இப்பம் யாருமே மறிக்கல. நேரா அங்கன போயிட்டேன்." லேப்டாப்பைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். "ஏழாவது கெணத்துல ஒரு விசில் கேக்குது."

"காத்தும்மா அது."

"காத்து இல்லண்ணே. நீளமா ஒண்ணு, குட்டியா ரெண்டு. எங்க வீட்டு வாசல்ல பைக்க நிப்பாட்டிட்டு, கேட்டத் தெறன்னு அவிய அடிக்கது அது. ஒம்பது வருசமா நான்தான ஓடிப்போய்த் தெறக்கேன். வேற எங்கயும் அவிய அத அடிக்க மாட்டாவ." என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கெணத்துக்குள்ள எந்த கேட்டத் தெறக்கச் சொன்னாவ?"

வார்த்தைகளை எல்லாம் கவனமாக வெட்டி எடுத்திருந்தேன். விசில் அவளுக்கானது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் அழவில்லை, கத்தவில்லை. நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் என் கம்ப்யூட்டரைத் திறந்தீர்கள், தேதியும் மணியும் போட்டு மூன்று நாள் பதிவும் வரிசையாக இருந்தது. கிணற்றைத் தோண்டினீர்கள். மூலப்பதிவை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நல்ல வேலைக்காரன் எவனும் அழிக்க மாட்டான்.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. சண்டைகளை அப்படியே விட்டிருந்தால் அவள் முதல் கிணற்றிலேயே செத்துச் செத்து விழுந்துகொண்டிருப்பாள். அந்த மூன்று நிழலும் எனக்குக் காவல் இருந்திருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தாலும் மறுபடி செய்யச் சொன்னால் எடுத்துவிடத்தான் செய்வேன். கதை கதையாக இருக்க வேண்டும்.

இங்கே டைப் செய்து வைத்ததைப் படித்தேன். சோளத்தட்டையை நட்டது, கயிறு கையில் இருந்தும் போடாதது, காலைதோறும் போய் அவன் கெஞ்சுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பியது, அவன் என்னால்தான் செத்தான் என்பது, எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் 'தாக்கி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள், சார். எனக்குச் சண்டை என்றாலே ஆகாது. நான் அவனை ஒரு அடிகூட அடித்ததில்லை.